அக்காட்டக் கேளுங்கோ: "என்ர பேத்தியின்ர நீட்டு முடி எங்க போச்சு?"

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல அஞ்சு ஒரே விசயத்தைச் சுத்தித்தான் வந்திருக்கு, முடி. போன இதழ்ல ஒட்டுமுடியை மூண்டு மாசத்துக்கு மேல கழட்டாம வைச்சிருக்காதைங்கோ எண்டு ஒரு சின்னக் குறிப்பு எழுதினனான், அதுதான் கிளப்பி விட்டுட்டுது போல. என்னைப் புதுசா வாசிக்கிற ஆக்களுக்குச் சொல்லிவிடுறன், நான் டொக்டர் இல்லை, திருமலை டவுணில பார்லர் வைச்சிருக்கிறன், அதுக்கு முதல் லண்டன் டூட்டிங்கில ஒரு சலூனில ஒன்பது வருசம் நிண்டனான், பக்கத்துக் கதிரையில கானாக்காரி ஒருத்தி நிண்டவ, கறுப்பின ஆக்களின்ர முடியைப் பற்றி எனக்குத் தெரிஞ்சதில முக்காவாசி அவ கையில தட்டித் தட்டிச் சொல்லித் தந்தது.

---

"பிள்ளை, எனக்கு 71 வயசு. மகன் லண்டனில. மருமகள் கறுப்பினப் பிள்ளை, அவவின்ர தாய் தேப்பன் கானாவில இருந்து போன ஆக்கள், சோக்கான பிள்ளை, எனக்கு ஒரு குறையும் இல்லை. பேத்திக்கு 15. முந்தி ரெண்டு தரம் வரேக்க இடுப்பு மட்டும் நூல் நூலாப் பின்னின முடி, கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா சனம் சாமியை விட்டுட்டு இவளின்ர முடியைத்தான் பாக்கும். இந்த ஆடி லீவுக்கு வந்து இறங்கினா தலையில ரெண்டு அங்குலம் கூட இல்லை, சுருண்டு பஞ்சு மாதிரி நிக்குது. எனக்கு நெஞ்சு பக்கெண்டு போச்சு. முன்வீட்டு மனுசி நெருப்புக்காய்ச்சலோ எண்டு கேக்கிறா, இன்னொருத்தி நேர்த்திக்கு மொட்டையோ எண்டு கேக்கிறா. ஒழுங்கையில ஒரு பெடியன் 'காப்பிலி மயிர்' எண்டு சொல்லிச் சிரிச்சவன், அவள் விளங்காத மாதிரி நிண்டவள், ஆனா விளங்கினது. தேங்காயெண்ணெய் வைச்சுச் சீப்பால இழுத்து விடுவம் எண்டு போனா தலையைத் தொட விடுறாளில்லை. ஆவணியில சொந்தத்துக்குள்ள கலியாணம் ஒண்டு வருது. ஒரு சவுரி வாங்கி வைச்சுக் கட்டி விடலாமோ? முடி எப்ப வளரும்?"
ஒரு அப்பம்மா, உவர்மலை

அம்மா, முதல்ல நெஞ்சை ஆற விடுங்கோ, பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்க முந்தி ரெண்டு தரம் பாத்த அந்த இடுப்பு மட்டும் வந்த முடி அவளின்ரயே இல்லை. உங்கட காலத்தில கலியாணத்துக்குச் சவுரி வைச்சுப் பின்னிக் குஞ்சம் கட்டினீங்களே, அதே வேலைதான், என்ன நீங்க ஒரு நாளைக்கு வைச்சுப் பின்னேரம் கழட்டினீங்க, லண்டனில பின்னுற ஆக்கள் அவளின்ர முடியைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சு ஒவ்வொண்டிலயும் ஒட்டுமுடி சேர்த்து ஆறு எட்டுக் கிழமைக்கு அப்பிடியே பின்னி விடுவினம். பொக்ஸ் பிரெயிட்ஸ் எண்டு பேர். பின்னி முடிய ஆறு மணித்தியாலமும் போகும் எட்டு மணித்தியாலமும் போகும், நான் காலமை வேலைக்கு வரேக்க கதிரையில இருந்த பிள்ளை நான் வீட்ட போகேக்கயும் அங்கயே இருக்கும், சோறு சாப்பிட்டு நித்திரை கொண்டு எழும்பிப் பிறகும் இருக்கும்.

இப்ப அவள் அதை அவிழ்த்துப்போட்டுத் தன்ர சொந்தத் தலையோட வந்திருக்கிறாள். 15 வயசில, அதுவும் சொந்தக்காரர் ஐம்பது பேர் பாக்கப் போற ஊருக்கு அப்பிடி வாறதெண்டா கொஞ்சத் துணிவு இல்லை, நீங்க எழுதினதை வாசிக்க எனக்கு அந்தப் பிள்ளையிலதான் முதல் மனம் போச்சு.

ஏன் அவிழ்த்தவள் எண்டு அவளிட்டத்தான் கேக்க வேணும், ஆனா நான் கண்ட தலைகளை வைச்சுச் சொன்னா ரெண்டு மூண்டு காரணம் இருக்கும். ஒண்டு பாரம். இறுக்கிப் பின்னிப் பின்னி நெத்திக் கரையிலயும் காதுக்கு மேலயும் வேர் இழுபட்டு முடி உதிர்ந்து வெளிச்சுப் போகும், ஆரம்பத்தில விட்டா திரும்பி வரும், வருசக்கணக்கா இழுபட்டா வேர்க்குழியே தழும்பாகி மூடிப் போகும், பிறகு எந்த எண்ணெயும் சரிவராது. (எங்கட பக்கம் இறுக்கக் கொண்டை போடுற நடன டீச்சர்மாருக்கும் இதே வருத்தம் வாறது, அது வேற கதை.) இன்னொண்டு, கெமிக்கல் போட்டு நேராக்கின முடி இருந்தா அது பழுதாகி முறியும், அதை ஒட்ட வெட்டிப்போட்டுப் புதுசா வாற சொந்த முடியை மட்டும் வளர்க்கிறது, அதுக்கு அவையள் பிக் சொப் எண்டு சொல்லுவினம். மூண்டாவது காரணம் ஒண்டுமில்லை, ஆசை. தன்ர முடி என்ன மாதிரி எண்டு தனக்கே தெரியாமப் பதினைஞ்சு வயசு ஆகின பிள்ளைகளை நான் கண்டிருக்கிறன், கண்ணாடிக்கு முன்னால இருந்து தன்ர முடியைத் தானே புதுசாத் தொட்டுத் தொட்டுப் பாப்பினம்.

எப்ப வளரும் எண்டு கேட்டீங்க. அது இப்பவும் வளர்ந்துகொண்டுதான் இருக்கு. மனிசற்ற தலைமுடி மாசத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும், இறுக்கச் சுருண்ட முடி அதிலயும் கொஞ்சம் மெதுவா. ஆனா சுருளுக்குள்ள நீட்டு ஒளிஞ்சு கிடக்கும் அம்மா. உங்கட கண்ணுக்கு ரெண்டு அங்குலம், அவள் ஒரு சுருளைப் பிடிச்சு மெல்ல இழுத்துக் காட்டினாளெண்டா நாலு அஞ்சு அங்குலம் வரும், விட்டா சுருக்கெண்டு திரும்பிப் போய்க் குந்தும், டெலிபோன் வயர் மாதிரி. நனைஞ்சு காயேக்க இன்னும் சுருங்கும். அதாலதான் அடுத்த வருசம் வரேக்கயும் நீங்க "ஐயோ வளரவே இல்லை" எண்டு சொல்லப் போறீங்க, சொல்லாதைங்கோ.

தேங்காயெண்ணெய் விசயத்துக்கு வாறன், ஏனெண்டா உங்கட முழுக் கவலையும் அந்தப் போத்தலுக்குள்ளதான் இருக்கெண்டு விளங்குது. எங்கட முடி நேர், அல்லது அலை. தோல் சுரக்கிற எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனி மட்டும் இறங்கும், அதாலதான் மூண்டு நாள் முழுகாட்டி எங்களுக்குத் தலை பிசுபிசுக்கும். அவளின்ர முடி வேர்க்குழிக்குள்ள இருந்தே வளைஞ்சு வருது, வெட்டிப் பாத்தா வட்டமா இல்லாமத் தட்டையான முட்டை மாதிரி இருக்கும், அந்த ஸ்பிரிங்கில எண்ணெய் இறங்காது. தோல் எண்ணெய்யா இருக்கும், நுனி காய்ஞ்சு கிடக்கும், ஒவ்வொரு வளைவும் முறியிறதுக்கு ஒரு இடம். அதோட இது ஆடி மாசம், கச்சான் காத்து அடிக்கிற நேரம், திருமலைக் கச்சான் காத்து உடுப்பையே ஒரு மணித்தியாலத்தில முறுக விடும், பிள்ளையின்ர தலையை விடுமோ.

அதால எண்ணெய் வைக்கிறது பிழையில்லை, வைக்கிற முறைதான் வேற. காய்ஞ்ச தலையில எண்ணெய்யை அப்பிச் சீப்பால இழுத்தீங்களெண்டா முடி கையோட வரும், பிள்ளை கத்துவாள், பிறகு ஏன் தொட விடுறாளில்லை எண்டு கேக்கிறீங்க. தண்ணி முதல், எண்ணெய் பிறகு. தலையை நல்லா நனைச்சு, கண்டிஷனர் தாராளமாப் போட்டு, நாலோ ஆறோ பங்காப் பிரிச்சு, முதல்ல விரலால சிக்கெடுத்து, பிறகு பல்லு அகலமான சீப்பால நுனியில இருந்து தொடங்கி மெல்ல மெல்ல வேருக்கு ஏற வேணும். நாங்கள் வேரில குத்தி நுனிக்கு இழுக்கிற ஆக்கள், அது அங்க சரிவராது. அலசின பிறகு ஈரம் இருக்கேக்கயே எண்ணெய்யைக் கையில தேய்ச்சுப் பூசிப் பூட்டி விட வேணும். உங்கட தேங்காயெண்ணெய் இதுக்கு நல்ல சாமான், அது முடிக்குள்ள ஊறிப் போய் அலசேக்க புரதம் கழண்டு போறதைக் குறைக்குது, மினரல் ஒயிலோ சூரியகாந்தி எண்ணெய்யோ அந்த வேலையைச் செய்யாது. மருமகளின்ர பக்கத்தில ஷியா பட்டர் வைப்பினம், மேற்கு ஆபிரிக்காவில ஒரு மரத்துக் கொட்டையில எடுக்கிற கொழுப்பு, எங்களுக்குத் தேங்காய் மாதிரி அவைக்கு அது. பிள்ளையின்ர பையில ஒரு டப்பா கட்டாயம் இருக்கும், கேட்டுப் பாருங்கோ.

சீயாக்காயும் தேசிக்காயும் வேண்டாம், காய விடும். ஷாம்பு கிழமைக்கு ஒருக்காப் போதும், சில பேர் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா. "சீ ரெண்டு கிழமை முழுகாமையோ" எண்டு முகத்தைச் சுழிக்காதைங்கோ, அந்த முடிக்கு அதுதான் சுத்தம். நிலாவெளிக்குக் கடல் குளிக்கப் போறதெண்டா போக முதல் நல்ல தண்ணியில தலையை நனைச்சுக் கொஞ்சம் கண்டிஷனர் பூசிவிட்டா உப்புத் தண்ணி கூட ஊறாது, வந்த உடன அலச வேணும். உங்கட கிணத்துத் தண்ணி சவரெண்டா கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி ஒரு வாளி பிடிச்சு வையுங்கோ.

தலையணைக்கு ஒரு வேலை செய்யலாம், இது நீங்கதான் செய்ய வேணும். பருத்தி உறை முடியில இருக்கிற ஈரத்தை உறிஞ்சிச் சிக்காக்கும். அவையள் சட்டின் தொப்பி போட்டுப் படுப்பினம் இல்லாட்டி சட்டின் உறை. அலுமாரிக்குள்ள நீங்க கட்டாத பழைய பட்டுச் சீலை ஒண்டு இருக்கும், ஜரிகை இல்லாத பக்கத்தை வெட்டி ஒரு தலையணை உறை தைச்சுக் குடுங்கோ. என்ர கானாக்காரக் கூட்டாளிக்கு நான் என்ர அம்மம்மாவின்ர சீலையில ஒண்டு தைச்சுக் குடுத்தனான், அவ அழுதுபோட்டா, பிறகு இன்னொண்டும் கேட்டவ.

தொட விடுறாளில்லை எண்டது. லண்டனில பஸ்ஸில தெரியாத ஆக்களெல்லாம் கேக்காமக் கொள்ளாம அந்த முடிக்குள்ள கையை விட்டுப் பாப்பினம், கடைக்காரி பாப்பா, வகுப்புப் பிள்ளைகள் பாப்பினம், அதால அவைக்குத் தலையில கை வந்தாலே உடம்பு ஒதுங்கும். நீங்க அப்பம்மா, உரிமை இருக்கு, ஆனாலும் ஒருக்காக் கேளுங்கோ. "சனிக்கிழமை உன்ர தலையை எப்பிடி முழுக வாக்கிறதெண்டு எனக்குக் காட்டித் தா" எண்டு கேளுங்கோ. அவையளுக்கு வோஷ் டே எண்டு ஒரு நாள் இருக்கு, அரை நாள் போகும், தாய் கதிரையில, பிள்ளை நிலத்தில தாயின்ர முழங்காலுக்கு நடுவில. எங்கட சனிக்கிழமை எண்ணெய் முழுக்கும் அதே இருப்புத்தானே அம்மா, சின்னனில உங்களையும் அப்பிடித்தான் இருத்தியிருப்பினம்.

கலியாணத்துக்குச் சவுரி வேண்டாம். அவள் கேட்டா வைக்கலாம், நீங்க கேக்கக் கூடாது. அந்த முடியில நெத்திச்சுட்டி நல்ல வடிவா நிக்கும், வழுக்கி விழாது, சுருளே பிடிச்சுக்கொள்ளும், காதுக்குப் பின்னால ஒரு பக்கம் மல்லிகைச் சரத்தை வளைச்சுக் குத்திவிட்டா மிச்ச எல்லாப் பெட்டையளையும் விட அவளைத்தான் படம் எடுப்பினம்.

அந்தப் பெடியன் சொன்ன சொல்லு. அதை விட்டுட்டுப் போக மாட்டன். அது அரபியில இருந்து போர்த்துக்கீசர் வாயால எங்கட வாய்க்கு வந்த சொல்லு, வெளிநாட்டில எங்கட சனம் கறுப்பின ஆக்களைப் பாத்து ஒளிச்சு மறைச்சுச் சொல்லுற ஏச்சு. பிள்ளைக்கு விளங்கினது எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க. அப்பிடியெண்டா நீங்க அந்தப் பெடியனின்ர தாயிட்ட ஒருக்காப் போய்க் கதைக்க வேணும், பிள்ளைக்கு முன்னாலயே கதைக்க வேணும், தமிழில. நெருப்புக்காய்ச்சல் மனுசிக்கு "இது அவளின்ர சொந்த முடி, முந்தி பாத்ததுதான் ஒட்டு" எண்டு ஒரு வரி போதும்.

---

"அக்கா, நான் பறங்கிப் பிள்ளை, வயசு 24. அம்மம்மா பக்கம் ஆபிரிக்க வழி எண்டு வீட்டில மெதுவாத்தான் சொல்லுவினம், ஆனா என்ர முடி சத்தமாச் சொல்லுது. 14 வயசில இருந்து பார்லரில போய் நேராக்கிறன், நாலு வருசமா அதுக்கு மேல ஒட்டுமுடி. இப்ப நெத்திக் கரை ரெண்டும் வெளிச்சுப் போச்சு. விட ஆசை. ஒரேயடியா வெட்டவோ, மெல்ல மெல்லவோ? ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில நிக்கிறன், மேனேஜர் 'நீட்டா, ஒதுக்கமா வா' எண்டுறார்."
பாலையூற்று வாசகி

தங்கச்சி, உங்கட "சத்தமாச் சொல்லுது"வை நான் கத்தரிச்சு எடுத்துக் கண்ணாடியில ஒட்டி வைச்சிருக்கிறன்.

வீட்டில மெதுவாச் சொல்லுறதைப் பற்றி ரெண்டு வரி. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், இங்கிலீஷ்காரர் மூண்டு பேற்ற காலத்திலயும் ஆபிரிக்காவில இருந்து சிப்பாய்களாவும் அடிமைகளாவும் ஆக்களை இந்தத் தீவுக்குக் கொண்டு வந்தவை. அந்த வம்சம் புத்தளம் சிரம்பியடியில இண்டைக்கும் இருக்கு, மஞ்சா எண்டு தங்கட பாட்டையும் ஆட்டத்தையும் வைச்சிருக்கினம், திருக்கோணமலையிலயும் மட்டக்களப்பிலயும் பறங்கிக் குடும்பங்களோட கலந்து போச்சுது. கோட்டை கட்டின ஊரில ஆபிரிக்க முடி இருக்கிறது புதினமில்லை, புதினமெண்டு நாங்கள் நினைக்கிறதுதான் புதினம்.

சரி முடிக்கு வாறன். நேராக்கின முடி திரும்பிச் சுருளாது, அதை மனசில போட்டுக்கொள்ளுங்கோ. ரிலாக்ஸர் எண்ட அந்த நேராக்கிற கெமிக்கலில இருக்கிற காரம் முடிக்குள்ள இருக்கிற கந்தகப் பிணைப்பை உடைச்சு விடுது, சோடியம் ஹைட்ரொக்சைட் போட்டதெண்டா அடுப்படிச் சிங்க் அடைப்பெடுக்கிற சாமானின்ர அதே இனம். உடைஞ்சது உடைஞ்சதுதான், இனி வேரில இருந்து வாறது மட்டும்தான் உங்கட முடி. மெல்ல மெல்ல விடுறதெண்டா மேல சுருள், கீழ நேர், ரெண்டும் சந்திக்கிற இடத்தில படக் படக்கெண்டு முறியும், ஒரு வருசம் ஒன்றரை வருசம் அந்த ஆக்கினையோட இருக்க வேணும், மாசத்துக்கு ஒருக்கா நுனியைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கொண்டு. ஒரேயடியா வெட்டினா ரெண்டு நாள் அழுவீங்க, மூண்டாம் நாள் தலை பஞ்சு மாதிரி லேசா இருக்கும். நானெண்டா வெட்டுவன். ஆனா ரிசப்ஷனில நான் நிக்கேல்லை, நீங்கதான் நிக்கிறீங்க, அதால நாலைஞ்சு மாசம் பொறுத்து ஒரு ரெண்டு அங்குலம் புதுசா வந்த பிறகு வெட்டுங்கோ, அப்ப ஒரு வடிவு எடுக்கலாம்.

ஒட்டுமுடி மட்டும் இண்டைக்கே கழட்ட வேணும். கரை வெளிக்கத் தொடங்கினா அதுக்குப் பொறுமையில்லை. நாலைஞ்சு மாசத்தில குட்டி முடி முளைக்கேல்லை எண்டா, அல்லது தோல் மினுமினுப்பா வழுவழுவெண்டு இருக்கெண்டா, தோல் டொக்டரிட்டக் காட்டுங்கோ, விளக்கெண்ணெய்யைப் போட்டுக்கொண்டு வீட்டில இருக்க வேண்டாம்.

பயப்படுத்திறதுக்கில்லை, தெரிஞ்சிருக்க வேணும் எண்டு சொல்லுறன். அமெரிக்க அரசின்ர சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருசம் பின்தொடர்ந்து 2022 ஒக்டோபரில ஒரு முடிவு வெளியிட்டது. முடி நேராக்கிற கெமிக்கல் பாவிக்காத பெண்களில 70 வயசுக்குள்ள கருப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு 1.64 வீதம், அடிக்கடி பாவிச்சவையில 4.05 வீதம். அடிக்கடி எண்டது வருசத்துக்கு நாலு தரத்துக்கு மேல. கெமிக்கல்தான் காரணம் எண்டு அது நிரூபிக்கேல்லை, ரெண்டும் சேர்ந்து வருதெண்டுதான் சொல்லுது, கூட்டிப் பாத்தாலும் நூறு பேரில நாலு பேர்தான். ஆனா 14 வயசுப் பிள்ளைக்கு அதைப் போட்டு விடுற பார்லர்காரியெண்டா நான் அந்தக் கணக்கைப் பாத்து நித்திரை கொள்ள மாட்டன். (இதை எழுதுறவளும் ஒரு பார்லர்காரி, ஒரு காலத்தில போட்டும் விட்டனான். இப்ப 18 வயசுக்குக் குறைஞ்ச ஆக்களுக்குப் போடுறேல்லை, சண்டை பிடிச்சுக்கொண்டு போற தாய்மார் போகட்டும்.)

மேனேஜரிட்டச் சொல்லாம ஒரு திங்கட்கிழமை புதுத் தலையோட போய் நிக்காதைங்கோ. முதலே சொல்லுங்கோ, "சேர், கெமிக்கலால முடி பழுதாகிப் போச்சு, வெட்டி இயற்கையா விடப் போறன், ஒதுக்கமாத்தான் வருவன்." நீட் எண்டா என்னெண்டு அவரைச் சொல்ல விடுங்கோ. நேர் முடிதான் நீட் எண்டு சொன்னாரெண்டா அது முடியைப் பற்றின சட்டமில்லை, ஆளைப் பற்றின சட்டம். இதுக்கெண்டே கலிபோர்னியாவில 2019இல கிரவுண் சட்டம் எண்டு ஒண்டு கொண்டு வந்தவை, வேலையிலயும் பள்ளிக்கூடத்திலயும் சுருள் முடி, பின்னல், சடைமுடி எண்டதுக்காக ஒராளை ஒதுக்கக் கூடாதெண்டு, பிறகு அமெரிக்காவில கன மாநிலங்கள் அதே மாதிரிக் கொண்டு வந்தது. அவருக்கு அந்தச் சட்டம் இல்லைத்தான், ஆனா அவரின்ர ஹோட்டலுக்கு வாற வெள்ளைக்காரரில சில பேருக்கு அது தெரிஞ்சிருக்கும், அதையும் சிரிச்ச முகத்தோட ஒரு வரி சொல்லி விடுங்கோ.

---

"ஆசிரியருக்கு. நாட்டில எவ்வளவு பிரச்சினை இருக்கேக்க முடிக்கெண்டு ஒரு குறிப்போ? விருப்பமெண்டா ஒட்டட்டும், இல்லாட்டிக் கழட்டட்டும். இதில கதைக்க என்ன இருக்கு?"
ஓய்வு பெற்ற ஒரு ஐயா, ஏகாம்பரம் வீதி

ஐயா, கடைசி வரைக்கும் வாசிச்சிட்டுத்தான் ஏசியிருக்கிறீங்க, சந்தோசம்.

விருப்பமெண்டா கழட்டட்டும் எண்டு சொல்லுறது லேசு. 1786இல லூசியானாவில மிரோ எண்ட ஸ்பானிய ஆளுநர் கறுப்பினப் பெண்கள் முடியைத் துணியால மூட வேணும் எண்டு உத்தரவு போட்டவர், அவையளின்ர தலை அலங்காரம் வெள்ளைக்காரப் பெண்களை விட எடுப்பா இருந்ததுதான் குற்றம். அவையள் என்ன செய்தவை தெரியுமோ, நல்ல பளிச்செண்ட துணி எடுத்துக் கல்லும் இறகும் குத்தி இன்னும் எடுப்பாக் கட்டிக்கொண்டு திரிஞ்சவை. அது பழங்கதை எண்டுவீங்க. 2016இல தென்னாபிரிக்காவில பிரிட்டோரியா பெண்கள் பாடசாலைப் பிள்ளைகள் தங்கட இயற்கை முடியைக் கட்டி அமத்தச் சொன்னதுக்கு எதிரா மறியல் செய்ய வேண்டி வந்தது. இங்கிலாந்தில 2022இலதான் சமத்துவ ஆணைக்குழு பள்ளிக்கூடங்களுக்கு எழுதிக் குடுத்தது, அஃப்ரோ முடிக்காகவோ பின்னலுக்காகவோ பிள்ளையைத் தண்டிக்கிறது சட்டப்படி பிழையாகலாம் எண்டு. உவர்மலை அம்மாவின்ர பேத்தி படிக்கிறது அந்த நாட்டிலதான்.

எங்களுக்கு என்ன சம்பந்தம் எண்டுவீங்க. சொல்லுறன். உவர்மலை அம்மாவிட்ட ஒருத்தி நேர்த்திக்கு மொட்டையோ எண்டு கேட்டவ எல்லோ. லண்டன் கடையளில ஒட்டுமுடிப் பக்கெட்டில "இந்தியன் ஹெயர்" எண்டு எழுதி ஒரு கட்டு நூறு பவுண்டுக்கு மேல விக்கும். அதில ஒரு பங்கு திருப்பதியிலயும் தமிழ்நாட்டுக் கோயில்கள்லயும் நேர்த்திக்கு மொட்டை அடிச்ச முடி, தேவஸ்தானம் ஏலத்தில விக்கிறது. பிளாஸ்டிக் முடியில பின்னுறது வேற, தைச்சு வைக்கிற நீட்டு நேர் முடிக்கு எங்கட பெண்களின்ர முடிக்குத்தான் கிராக்கி. டூட்டிங்கில ஒரு நாள் என்ர கூட்டாளி ஒரு கட்டைப் பிரிச்சு என்ர பின்னலோட வைச்சுப் பாத்துச் சிரிச்சவ, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியேல்லை. ஆண்டவனுக்கெண்டு எங்கயோ ஒரு தாய் குடுத்த முடியை, தன்ர முடி வடிவில்லை எண்டு சின்னனில இருந்து கேட்டு வளர்ந்த இன்னொரு தாய் காசு குடுத்து வாங்கித் தைச்சுக்கொள்ளுறா. அதில கதைக்க ஒண்டுமில்லையோ ஐயா?

அதுக்காக ஒட்டுமுடி வைக்கிற எல்லாரும் தன்னைத் தானே வெறுக்கிற ஆக்களெண்டு நினைச்சிடாதைங்கோ. பின்னலும் ஒட்டும் ஆபிரிக்காவில பரம்பரை பரம்பரையா வந்த கலை, குளிருக்கு முடியைக் காப்பாத்தவும் பின்னுவினம், வடிவுக்கும் பின்னுவினம். இந்த வருசம் கழட்டினவள் அடுத்த வருசம் திரும்பிப் பின்னலாம். அப்பவும் உவர்மலை அம்மா சந்தோசப்படலாம்.

---

"கன்னியா வெந்நீர்க் கிணத்தில ஏழு நாள் முழுகினா சுருள் முடி நேராகுமெண்டு சொல்லுகினம், உண்மையோ?"
பேர் போடாத ஒராள், சாம்பல்தீவு

இல்லை. ஏழு கிணத்துக்கும் ஏழு சூடு, ஏழிலயும் முடி சுருண்டே இருக்கும். அந்தியேட்டி செய்யப் போன இடத்தில தலை நனைஞ்சு கொஞ்ச நேரம் பாரத்தில தொங்கினதைப் பாத்து ஆரோ கட்டின கதை. காய்ஞ்சா திரும்பிச் சுருளும்.

---

"அக்கா, நான் உப்புவெளிக் கடற்கரையில வெளிநாட்டு ஆக்களுக்குப் பின்னல் பின்னி விடுறனான், சீசனுக்கு நல்ல உழைப்பு. இந்த வருசம் கறுப்பினப் பிள்ளை ஒண்டு வந்து தன்ர பழைய பின்னலை அவிழ்த்துத் தரச் சொல்லிக் கேட்டுது. அவிழ்க்க அவிழ்க்க ஒரு பந்து முடி கையில வந்தது, நான் பயந்து போனன், அவ சிரிக்கிறா. நான் ஏதும் பிழை விட்டனோ?"
உப்புவெளிப் பின்னல்காரி

நீங்க ஒண்டும் பிழை விடேல்லை. ஒரு மனிசருக்கு ஒரு நாளைக்கு 50 தொடக்கம் 100 முடி உதிரும், எங்களுக்குச் சீப்பிலயும் குளிக்கிற இடத்திலயும் போகும், பின்னலுக்குள்ள உதிர்ந்தது போக இடமில்லாமல் உள்ளயே சிக்கிக் கிடக்கும். ஆறு கிழமைப் பின்னலெண்டா 42 நாள், குறைஞ்சது 2,100 முடி, கூடினா 4,200. அதுதான் உங்கட பந்து. உதிர்ந்த முடியெண்டா ஒரு முனையில வெள்ளையா ஒரு குமிழ் இருக்கும், குமிழ் இல்லாமச் சின்னத் துண்டு துண்டா வந்தாத்தான் முறிஞ்சது, அப்பத்தான் கவலைப்பட வேணும். அவிழ்த்த உடன தண்ணியில போடக் கூடாது, அந்த உதிர்ந்த முடியெல்லாம் கம்பளி மாதிரி இறுகிப்போம், பிறகு கத்தரிக்கோல்தான். காய்ஞ்ச தலையில கொஞ்சம் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு பின்னலாச் சிக்கெடுத்த பிறகுதான் முழுக விட வேணும்.

நீங்க பின்னுற பிளாஸ்டிக் முடி சில பேற்ற தோலுக்குக் கடி குடுக்கும். முதல் நாள் இரவு வினாகிரி கலந்த தண்ணியில ஊறப் போட்டு அலசிக் காய விட்டீங்களெண்டா கனக்கக் குறையும். முடிச்ச பிறகு நுனியைச் சுடுதண்ணியில முக்கி அடைக்கேக்க ஆளின்ர முதுகுக்கு ஒரு துவாய் போடுங்கோ. வெள்ளைத் தோல் ஆக்களெண்டா வகிடு பிரிச்ச கோடெல்லாம் உப்புவெளி வெயிலில எரிஞ்சு தோல் கழரும், தொப்பி போடச் சொல்லுங்கோ இல்லாட்டி வகிட்டில சன் கிரீம் பூசி விடுங்கோ.

இறுக்கம் மட்டும் கவனம். நெத்தியில பின்னல் தொடங்கிற இடத்தில சின்னச் சின்ன வெள்ளைப் பரு மாதிரி எழும்பியிருந்தா கூட இறுக்கிப் போட்டீங்க. வலிக்குதோ எண்டு கேட்டா அவையள் "ஓகே ஓகே" எண்டுதான் சொல்லுவினம். வாயைப் பாக்காதைங்கோ, புருவத்தைப் பாருங்கோ, புருவம் மேல ஏறி நிண்டா அவிழ்த்துத் திருப்பிப் பின்னுங்கோ.